தேவிகுளத்து ரோசம்மாவும் நம்ம தோட்டக் கமிட்டியும்

(தொழிற்சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அமைப்பாளராகவும் பணியாற்றும் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)

வாசலில் நிற்கிற அண்ணன்மார்களே, உள்ளே இடமிருக்கிறது, வந்து உட்காருங்கள். மாதர் கூட்டம் என்று போட்டதால் வெளியே நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகிற விஷயத்தை நீங்களும்தான் கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் தோட்டக் கமிட்டித் தெரிவு வருகிறது. போன தடவை என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் தோட்டத்தில் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கமிட்டியில் தலைவர் ஆண், செயலாளர் ஆண், பொருளாளர் ஆண். மாதர் தலைவி என்று ஒரு பதவி இருக்கிறது. அந்த அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது விளக்கேற்றவும் தேத்தண்ணி ஊற்றவும்தான். நம் சங்கத்தில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், எல்லாச் சங்கத்திலும் இதுதான். அதற்காக நம் சங்கத்தில் இருக்கிற குறையைச் சொல்லாமல் விடவும் முடியாது.

போன வாரம் சில அக்காமாரிடம் கமிட்டிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டேன். "எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும், நாங்க எப்படித் துரைகிட்ட பேசுறது?" என்றார்கள். ஒரு அக்கா மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். "நின்னு ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? பாராளுமன்றத்துக்குப் போனவங்களே நமக்கு என்ன செஞ்சாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஞாபகத்துக்கு வந்தது ஒரு பழைய தேர்தல் கதை. நம் நாட்டுக் கதை அல்ல. ஆனால் தேயிலைக் கதை.

இந்தியாவில் கேரளா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மலை உச்சியில் மூணாறு. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்று தேயிலை மலை, நடுவில் வெள்ளை லயங்கள். நம் ஹட்டனும் தலவாக்கலையும் மாதிரியேதான். அங்கே கொழுந்து பறிக்கிறவர்களும் நம்மைப் போலத் தமிழ் ஆட்கள். மதுரைப் பக்கம், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த சனம். நம் பாட்டன் பூட்டன் மண்டபம் வழியாகக் கப்பலேறிய காலத்திலேயே இன்னொரு கூட்டம் போடி மலையேறி அந்தப் பக்கம் போனது. அண்ணன் ஒரு கங்காணியோடும் தம்பி இன்னொரு கங்காணியோடும் போன குடும்பங்கள்கூட இருந்திருக்கலாம். அந்தத் தோட்டங்கள் இருக்கிற தேர்தல் தொகுதிக்குப் பெயர் தேவிகுளம்.

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டசபை உண்டு. நம்முடைய மாகாண சபை போல என்று சொல்லலாம், ஆனால் அதிகாரம் அதைவிட எவ்வளவோ கூட. பொலிஸ், காணி, கூலிச் சட்டம் என்று நிறைய விஷயம் அந்த அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அதில் உட்காருகிறவரை எம்.எல்.ஏ. என்பார்கள்.

கேரள மாநிலம் 1956 நவம்பர் 1ஆம் திகதி உருவானது. அதற்கு முன் பெரிய இழுபறி. மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும்போது, தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழர்தான் கூட, அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பெரிய இயக்கமே நடந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் போய்ச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் போகவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். அங்கே இருக்கிற தமிழர் பலர் தோட்ட வேலைக்காக வந்தவர்கள், அதை வைத்து ஊரின் மொழியைக் கணக்கிட முடியாது என்பதே அது. கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? 1948இல் கொழும்பில் நம்மைப் பற்றிச் சொன்னதும் இதே பேச்சுத்தான். வேலைக்கு வந்தவன், போய்விடுவான், நிலையான ஆள் அல்ல. தேயிலைச் செடி நூறு வருஷம் நிற்கும். அதை நட்டவன் மட்டும் நிலையான ஆள் அல்ல.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அவர்களுக்கு ஓட்டு இருந்தது.

புதிய மாநிலத்தின் முதல் தேர்தல் 1957இல் வந்தது. தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியது. அவர்தான் ரோசம்மா புன்னூஸ்.

அந்த அம்மா தோட்டத்துப் பெண் அல்ல. தமிழரும் அல்ல. காஞ்சிரப்பள்ளி என்ற ஊரில் 1913இல் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அக்கா அக்கம்மா செறியான். 1938இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரண்மனையை நோக்கி ஆயிரக்கணக்கான சனத்தைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் போனவர். அவரைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்று காந்தி பாராட்டினார். ரோசம்மாவும் அதே போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். 1946இல் பி.டி. புன்னூஸ் என்ற கம்யூனிஸ்ட் தலைவரைக் கல்யாணம் முடித்தார். பிறகு அவரும் அந்தக் கட்சியில் சேர்ந்தார்.

சொல்லப்போனால், கொழுந்து பறிக்கிற பெண்கள் தங்களில் ஒருத்தியை அனுப்பவில்லை. கட்சி கொண்டுவந்து நிறுத்திய ஒரு படித்த பெண்ணுக்கு ஓட்டுப் போட்டார்கள். இதை மறைத்துச் சொன்னால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஆனாலும் 1957இல், ஒரு மலைத் தோட்டத் தொகுதி ஒரு பெண்ணைத் தெரிவு செய்து அனுப்பியது சின்ன விஷயம் அல்ல. அந்தச் சட்டசபையில் முதல் ஆளாக எழுந்து பதவிப்பிரமாணம் செய்தவர் அவர்தான். சபாநாயகரைத் தெரிவு செய்யும் வரை தற்காலிக சபாநாயகராக இருந்து மற்ற எல்லோருக்கும் பிரமாணம் செய்துவைத்தவரும் அவர்தான். முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் உட்பட எல்லா ஆண்களும் தேவிகுளத்து எம்.எல்.ஏ. முன்னால் வந்து நின்று பிரமாணம் எடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொஞ்ச நாள்தான். வழக்கு வந்துவிட்டது.

வழக்கு என்னவென்றால், எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒருவரின் வேட்புமனுவை அதிகாரி நிராகரித்தது முறையல்ல என்று. விசாரித்து, அது முறையல்லதான் என்று தீர்ப்பு. 1957 நவம்பரில் ரோசம்மாவின் தெரிவு செல்லாது என்று ஆகிவிட்டது. அந்த அம்மா கள்ள ஓட்டுப் போட்டார் என்றோ காசு கொடுத்தார் என்றோ அல்ல. ஒரு படிவம், ஒரு அதிகாரியின் முடிவு. சனம் போட்ட ஓட்டெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. இருந்தாலும் தீர்ப்பு பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நிற்க உரிமை உள்ளவரை நிற்க விடாமல் நடந்த தேர்தல் தேர்தலே இல்லை. அது நமக்குப் பிடித்த ஆள் ஜெயித்த தேர்தலாக இருந்தாலும் அப்படித்தான். நம் கமிட்டித் தெரிவிலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போன தடவை ஒரு அக்காவின் பெயரை "படிவம் பிந்திவிட்டது" என்று சொல்லி எடுக்காமல் விட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நான்தான் அப்போது மேசையில் உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. அது என் பிழை.

சரி. 1958 மே மாதம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல்.

இப்போது அந்தத் தேர்தலின் எடையைப் பாருங்கள். கேரள சட்டசபையில் தெரிவு செய்யப்பட்டவர்கள் 126 பேர். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60, அவர்கள் ஆதரவோடு வந்த சுயேச்சைகள் 5. மொத்தம் 65. பாதிக்கு மேல் இரண்டே பேர். அப்படி நூலில் தொங்குகிற அரசாங்கம், இந்தியாவில் ஒரு மாநிலத்தில் முதல்முதலாகத் தேர்தலில் வந்த கம்யூனிஸ்ட் அரசாங்கம். அதன் கண்ணெல்லாம் இப்போது எங்கே? கொழுந்துக் கூடை சுமக்கிற சனத்தின் மேலே. காங்கிரஸ் பி.கே. நாயரை நிறுத்தியது. முன்பு மனு நிராகரிக்கப்பட்டவர் அவர்தான். இரண்டு பக்கமும் பெரிய தலைகள் மலையேறி வந்தார்கள்.

தேயிலை மலைக்குப் பிரசாரம் செய்ய மலையாளம் போதாது, தமிழ் வேண்டும். பேச்சு போதாது, பாட்டு வேண்டும். கம்பம் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் என்ற பாட்டுக்காரர் வந்தார். ஹார்மோனியத்தோடு தோட்டம் தோட்டமாகப் போய், சனத்துக்குத் தெரிந்த மெட்டில் புதுச் சொல் போட்டுப் பாடினார். அவரோடு வந்த தம்பி ஒரு சின்னப் பையன். பெயர் ராசய்யா. பிற்காலத்தில் அந்தப் பையன்தான் இளையராஜா. நீங்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே போனில் கேட்கிறீர்களே, அதே இளையராஜா.

இது நமக்குப் புதிது அல்ல. நம் மலையகத்தில் அதற்கும் முந்தி அதைச் செய்தவர் ஒரு பெண். கோ. நடேசய்யர் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டங்களில் பாடிக் கூட்டம் சேர்த்தார். துரை தோட்டத்துக்குள்ளே கூட்டம் போட விடாத காலம் அது. பேச்சைத் தடுக்கலாம், பாட்டு மலை தாண்டிப் போகும். நடேசய்யர் பெயர் நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் வருகிறது. மீனாட்சி அம்மாள் பெயரை நான் கேட்டால் வகுப்பில் ஒரு கைகூட உயருவதில்லை.

அந்த இடைத்தேர்தலில் ரோசம்மா 7,089 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கேரளாவில் வழக்கில் முதலாவதாகப் பதவி இழந்தவரும் அவரே, முதல் இடைத்தேர்தலில் ஜெயித்தவரும் அவரே. ஒரு தடவை போட்ட ஓட்டு செல்லாது என்று சொன்னதும், "நமக்கென்ன" என்று அந்தச் சனம் வீட்டில் இருந்துவிடவில்லை. அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று திரும்ப வந்து போட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் வீட்டுக் கதை ஒன்று வருகிறது. அதையும் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் யார் ஜெயிப்பது என்பதையும் நம் சனத்தின் ஓட்டு தீர்மானித்தது. அடுத்த வருஷமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜாவுரிமை இல்லாதவர்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் நம் சனத்தின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மூணாற்றில் ஒருத்தி பதினைந்து மாதத்துக்குள் இரண்டு தடவை வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அந்தக் காலத்தில், அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி இங்கே நுவரெலியாவில் ஒரு தடவைகூடப் போட முடியாது. என் அம்மம்மா 1947இல் போட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் போடவில்லை. திரும்ப அட்டை வந்த நாளில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார் என்று அம்மா சொல்வார். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் 1964 ஒப்பந்தத்தில் கூடலூருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் தேயிலைதான்.

இனி, அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜெயித்து என்ன ஆனது?

இதில் கசப்பான இடம் ஒன்று இருக்கிறது. மே மாதம் ஓட்டுப் போட்டார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் மூணாறுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடத்தியது ஆளும் கட்சியின் தொழிற்சங்கமேதான். தாங்கள் ஓட்டுப் போட்டு வைத்த அரசாங்கத்தின் பொலிஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். நமக்கு 1940இல் முல்லோயா கோவிந்தன். 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன். அவர்களைச் சுட்டது நம் சனம் கொண்டுவந்து வைத்த அரசாங்கம் என்று யாரும் சொல்ல முடியாது. மூணாற்றில் அதுவும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஓட்டுக் கேட்டு வந்த கட்சி.

இன்னொன்று. அந்த அரசாங்கம் வந்த முதல் வாரத்திலேயே குடியானவரைக் காணியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று உத்தரவு போட்டது. பிறகு காணிச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்தது. கேரளாவில் இலட்சக்கணக்கான ஏழைகளுக்குக் காணி கிடைக்க வழி திறந்தது அதுதான். நல்ல விஷயம். ஆனால் காணி உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தை உடைத்தால் உற்பத்தி போய்விடும் என்று நியாயம் சொன்னார்கள். அதனால் கீழே வயல்காட்டில் இருந்தவனுக்கு வீட்டு மண் சொந்தமானது, மேலே லயத்தில் இருந்தவனுக்கு ஆகவில்லை. நம் நாட்டில் 1972, 1975 காணிச் சட்டங்களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது நமக்கு என்ன கிடைத்தது என்று ஞாபகம் பண்ணிப் பாருங்கள். துரை மாறினார். லயம் மாறவில்லை. 2020 ஓகஸ்ட்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு எழுபது பேர் புதைந்தார்கள். நம் மீரியபெத்த 2014. கொட்டுகிற மழைக்குக் கேரளா என்றும் கொஸ்லந்தை என்றும் தெரியாது.

அந்த அரசாங்கமும் நிலைக்கவில்லை. 1959 ஜூலை 31ஆம் திகதி மத்திய அரசாங்கம் அதைக் கலைத்தது. இரண்டு தடவை ஜெயித்து வாங்கிய பதவி அத்தோடு போனது. ரோசம்மா திரும்பச் சட்டசபைக்குப் போனது 1987இல். இருபத்தெட்டு வருஷம் கழித்து! அப்போது வயது எழுபத்துமூன்று. அதுவும் தேவிகுளத்திலிருந்து அல்ல, ஆலப்புழையிலிருந்து. அந்தச் சபையிலும் முதலில் தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்தார். நூறு வயது வரை வாழ்ந்து 2013 டிசம்பரில் ஓமானில் மகன் வீட்டில் காலமானார்.

தேவிகுளம் மட்டும் 2021 தேர்தல் வரைக்கும் இன்னொரு பெண்ணை அனுப்பவில்லை. மலையில் வேலை செய்கிறவர்களில் பெண்கள்தான் கூட. சங்கங்கள் பெரிதாகின. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சங்கம். தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். நம் கதை மாதிரியே.

அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2015 செப்டெம்பர். அந்த வருஷம் போனஸை 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைத்தார்கள். நாட்சம்பளம் அப்போது இந்தியக் காசு 232 ரூபாய். பெண்கள் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு மூணாறு டவுனுக்கு வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். பேச வந்த சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். பெண்கள் ஒற்றுமை. கூடலூரில் இருக்கிற என் சித்தப்பா மகள் அப்போது போன் எடுத்து, "டிவியைப் பாருடி, நம்ம மாதிரியே பேசுறாங்கடி" என்று கத்தினாள். ஒன்பது நாள். 20 வீதமும் வாங்கினார்கள். சம்பளம் கேட்டு அடுத்த சுற்றுப் போராட்டம். ஒக்டோபரில் 301 ரூபாய் என்று தீர்ந்தது. கேட்டது 500.

நான் சங்க அமைப்பாளர். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வெட்கமும் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் சங்கம் இல்லாத சனம் அல்ல. மாதம் மாதம் சந்தா கட்டியவர்கள். தங்கள் காசில் நடக்கிற சங்கத்தில் தங்கள் குரல் இல்லை என்று கண்டவர்கள். உண்மையைச் சொன்னால், அந்தச் சங்கத் தலைவர்களின் இடத்தில் என்னையும்தான் வைத்துப் பார்த்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்தப் போராட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் அந்த வருஷமே உள்ளூராட்சித் தேர்தலில் ஜெயித்தார். 2016 சட்டசபைத் தேர்தலில் தேவிகுளத்தில் நின்ற இன்னொரு பெண்ணுக்கோ மிகக் குறைந்த ஓட்டுத்தான் விழுந்தது. அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. ரோட்டில் கூடின ஆயிரம் பேர் ஓட்டுச்சாவடியில் பழைய சின்னத்துக்கே போனார்கள். ஒன்பது நாள் கோபம் ஐந்து வருஷத் தேர்தலுக்குக் காணாது. இடையில் மாதம் மாதம் கூட்டம் வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இரவு கூட்டம் முடிந்து வர டோர்ச் லைட் வேண்டும். இவற்றைச் செய்கிற இடம்தான் கமிட்டி.

ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டுப் போகிறேன். இதே தொகுதியில் திரும்பவும் ஒரு தெரிவு கோர்ட்டுக்குப் போனது. 2021இல் ஜெயித்த ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் பிரமாணம் எடுத்தவர். அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி. அவர் அந்த ஒதுக்கீட்டில் வர முடியாது என்று வழக்கு. குடும்பம் என்ன மதம், தமிழ்நாட்டிலிருந்து எந்த வருஷம் மலைக்கு வந்தது என்று கேள்வி. 2023இல் கேரள உயர்நீதிமன்றம் தெரிவு செல்லாது என்றது. 2025 மே மாதம் இந்திய உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிச் செல்லும் என்றது. யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. ஆனால் தோட்டத்துச் சனத்தில் ஒருவன் ஜெயித்து உட்கார்ந்த பிறகும், உன் பாட்டன் எந்த வருஷம் வந்தான், காகிதம் எங்கே என்ற கேள்வி வருகிறது பாருங்கள். அதனால்தான் நான் வகுப்பில் பிள்ளைகளிடம் தலை வெடிக்கக் கத்துகிறேன், பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சரியாக எழுது, அடையாள அட்டையில் இருக்கிற எழுத்தும் இடாப்பில் இருக்கிற எழுத்தும் ஒன்றா பார் என்று. நம் லயத்துக்கு இலக்கம் இல்லை, கடிதம் ஒழுங்காக வருவதில்லை. வாக்காளர் அட்டை கந்தோரில் கிடந்து மக்கிப்போன கதை இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ம்... அவ்வளவு பேர்.

நம் நாட்டுக்கு வருவோம். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது எப்போது தெரியுமா? 2024 நவம்பர் தேர்தலில்தான். பதுளையிலிருந்து ஒருவர், நுவரெலியாவிலிருந்து ஒருவர். அவர்கள் எந்தக் கட்சி, நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு கதை. 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டு வந்தது. தொண்ணூற்று மூன்று வருஷம் ஆனது நம்மில் ஒருத்தி அந்தக் கதிரைக்குப் போக. உள்ளூராட்சி சபைகளில் பெண் உறுப்பினர் 25 வீதம் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பட்டியலை நிரப்ப எத்தனை வீட்டுக் கதவைக் கட்சிக்காரர் தட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "பெயர் மட்டும் தாங்க அக்கா, வேலையை அண்ணன் பார்த்துக்குவார்" என்றார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு வேலையை அண்ணனிடம் விட்டால் அண்ணன் பார்த்துக்கொள்வார்தான். தன் வேலையை.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இன்னும் இல்லை. ரோசம்மாவை இரண்டு தடவை அனுப்பிய சனத்துக்குக் காணி கிடைக்கவில்லை, தோட்டாவும் விழுந்தது. ஓட்டே இல்லாமல் இருந்த நம் சனத்துக்கு என்ன நடந்தது என்றும் பார்த்தோம். பாதிச் சனத்தைக் கப்பலேற்றினார்கள், கேட்க ஒரு நாதி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குப் படுவது இதுதான். ஆளை அனுப்புவது பாதி வேலை. மற்றப் பாதி, அனுப்பிய ஆளை மாதம் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கிறது. அதைக் கொழும்பில் போய்ச் செய்ய முடியாது. கொழுந்து மடுவத்தில், கமிட்டிக் கூட்டத்தில்தான் பழக முடியும். பச்சைக் கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று தெரிந்தவர் நீங்கள். பிள்ளை மடுவத்தில் பால் வருகிறதா வரவில்லையா என்று தெரிந்தவர் நீங்கள். மலையில் மலசலகூடம் இல்லாமல் படுகிற பாடு எந்த அண்ணனுக்குத் தெரியும்? துரையிடம் பேசுவதற்கு இதைவிட என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். பதவியைப் பறிக்க வரவில்லை. மூன்று பதவியில் ஒன்றாவது, கமிட்டி உறுப்பினரில் பாதியாவது என்று மாதர் பிரிவு கேட்கிறது. மாவட்டக் காரியாலயத்துக்கும் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டாலும் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. நம் யாப்பில் ஆண்தான் நிற்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை, நான் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

படிவம் என் பையில் இருக்கிறது, பதினைந்து கொண்டுவந்தேன். தமிழில்தான் இருக்கிறது. சந்தா இலக்கம் வேண்டும், சம்பளச் சீட்டில் இருக்கும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கையெழுத்து வராதவர்கள் பெருவிரல் வைக்கலாம். கடைசி நாள் பௌர்ணமிக்கு அடுத்த புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணி. நான்கு மணிக்கு முந்தி வாருங்கள். இந்தத் தடவை மேசையில் நான்தான் இருப்பேன், கொடுக்கிற ஒவ்வொரு படிவத்துக்கும் நேரம் எழுதி ரசீது தருவேன். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முதல் படிவம் யாருக்கு?